ஏழு மாத்திரை, நான்கு சுரம்: பிங்க் ஃப்ளாய்ட் ரசிகர்களின் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குழுவைச் சுற்றியே இருந்தன. 1965இல் லண்டனில் கூடிய பிங்க் ஃப்ளாய்ட். புரோகிரசிவ் ராக் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்த முப்பட்டைக் கண்ணாடிப் படத்தை எங்காவது டி-ஷர்ட்டில் பார்த்திருப்பார்கள். இந்த இதழின் கேள்வி பதில் பக்கங்கள் முழுவதும் அவர்களுக்கே. எழுதியவர்களின் ஊர்ப் பெயர் மட்டும் வெளியிடுகிறோம்.

கல்லூரி மாணவி, பாலக்கோடு: அப்பா இந்தக் குழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நானும் ஃபோனில் இரண்டு மூன்று பாட்டு கேட்டுப் பார்த்தேன். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. ஆங்கில வரிகளும் முழுதாகப் புரிவதில்லை. எதிலிருந்து தொடங்கட்டும்?

உதிரிப் பாட்டாகக் கேட்டதுதான் சிக்கல். இவர்கள் ஆல்பம் முழுவதையும் ஒரே படைப்பாகக் கட்டினார்கள். நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கேட்டால், தெருக்கூத்துக்கு விடியற்காலை இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். ஆட்டம் நன்றாகத்தான் நடக்கும். யார் எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று தெரியாது.

1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் தொடங்குங்கள். 5 பதிவுகள், மொத்தம் சுமார் 44 நிமிடம். முதலாவதான 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பதின்மூன்றரை நிமிடம் ஓடும். முதல் சொல் வருவதற்கே எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இந்தக் காத்திருப்பு பெரிய விஷயமில்லை. நான்காவது நிமிடத்தை ஒட்டி மற்ற ஓசைகள் அடங்கி, டேவிட் கில்மரின் கிதாரில் நான்கு சுரம் மட்டும் தனியாக விழும். மேற்கத்திய ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் அவை சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், ஸட்ஜம், சதுஸ்ருதி தைவதம். நான்கும் கரகரப்பிரியாவில் உள்ள சுரங்கள். இது ராகம் என்று சொல்லவில்லை. காது பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி, அவ்வளவுதான். ஸட்ஜத்தைத் தொட்ட பிறகும் அங்கே இளைப்பாறாமல் தைவதத்துக்கு ஏறி நின்றுவிடுவதால், அந்த நான்கும் பதில் வராத கேள்வி மாதிரி தொங்கும். அப்பாவிடம் அதை முணுமுணுத்துக் காட்டுங்கள். அடுத்ததை அவரே தொடர்வார்.

அதன்பின் 'மெடில்' (1971) ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் 'எக்கோஸ்', இருபத்து மூன்றரை நிமிடம். பிறகு 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973), 'அனிமல்ஸ்' (1977). 'தி வால்' (1979) கடைசியில் இருக்கட்டும். இரண்டு தட்டு, எண்பது நிமிடத்துக்கு மேல், கதை முழுக்க வரிகளில் இருக்கிறது. பெரும்பாலோர் அதில் தொடங்கித்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 1967இல் வந்த முதல் ஆல்பம், ஆரம்பத்தில் முன்னால் நின்று பாடிய சிட் பாரெட்டின் கற்பனை உலகம். ஏறக்குறைய வேறொரு குழு. அதைத் தனியாக, பொறுமையாகக் கேளுங்கள்.

ஆங்கிலத்துக்காகத் தயங்க வேண்டாம். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பதிவில் கிளேர் டோரி பாடுவதில் ஒரு சொல்கூட இல்லை, குரல் மட்டுமே. அன்றைக்கு அவருக்குக் கொடுத்த கூலி 30 பவுண்டு. வழக்குப் போட்டு, 2005இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் அந்தப் பாட்டின் ஆக்கத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. நியாயமான முடிவு என்று அந்தக் குரலைக் கேட்ட எவரும் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி: அமெரிக்காவில் இருக்கும் மருமகன் பழைய டர்ன்டேபிள் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். 110 வோல்ட் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். தட்டு சுற்றுகிறது. ஆனால் எல்லாப் பாட்டும் இழுக்கிறது. பாடுகிறவர் தூக்கத்தில் பாடுவது போல இருக்கிறது. பெல்ட் மாற்றியும் சரியாகவில்லை.

பெல்ட் மேல் குற்றமில்லை ஐயா. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மட்டும்தான் குறைக்கும். அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. அந்தக் காலப் பெல்ட் டர்ன்டேபிள்கள் பலவற்றில் இருப்பது மின்சாரத்தின் சுழற்சியோடு பூட்டப்பட்ட ஏசி சிங்க்ரனஸ் மோட்டார். 60க்குச் செய்ததை 50இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றுத்தான் சுற்றும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கும். 'எக்கோஸ்' 23 நிமிடம் 31 விநாடிக்குப் பதிலாக 28 நிமிடத்தைத் தாண்டும். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கு ஒத்துவந்தால் நோய் இதுதான்.

மருந்து மோட்டார் தண்டில் இருக்கும் சிறிய புல்லி. 50 சுழற்சிக்கான புல்லி 1.2 மடங்கு பெரிதாக இருக்கும். மாடல் எண்ணைச் சொல்லித் தேடினால் சிலவற்றுக்குக் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் ஓசூரில் நல்ல லேத் பட்டறைகள் உண்டு. பித்தளையில் கடைந்து தருவார்கள். அளவு எடுக்க வெர்னியர் போதும். ஆனால் பெல்ட்டின் தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புல்லியின் விட்டத்தோடு ஒரு பெல்ட் தடிமனைக் கூட்டி, அந்தத் தொகையை 1.2ஆல் பெருக்கி, மீண்டும் ஒரு பெல்ட் தடிமனைக் கழியுங்கள். வெறும் விட்டத்தை மட்டும் பெருக்கினால் வேகம் லேசாகக் குறைந்துவிடும். துளை நடுவிலிருந்து மயிரிழை விலகினாலும் பியானோ ஓசை அலையடிக்கும், ஆகவே தண்டுத் துளையை முதலில் போட்டு, அதையே மையமாக வைத்து வெளிவிட்டத்தைக் கடையச் சொல்லுங்கள்.

வேகத்தைச் சரிபார்க்க, கோடு போட்ட ஸ்ட்ரோப் தாளைத் தட்டின் மேல் வைத்துச் சுற்றவிடுவார்கள். நம் மின்சாரத்துக்கு 33⅓ வளையத்தில் 180 கோடு இருக்க வேண்டும். இணையத்தில் கிடைப்பதில் பல 216 கோடு கொண்ட அமெரிக்கத் தாள். எண்ணிப் பார்த்து அச்சிடுங்கள். கோடுகள் நின்றது போலத் தெரிந்தால் வேகம் சரி. எல்இடி பல்பு வெளிச்சத்தில் பெரும்பாலும் இது தெரியாது. பழைய செம்புச் சோக் வைத்த டியூப் லைட்டுக்கு அடியில் பாருங்கள்.

மோட்டார் டிசி வகையாக இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அப்படி என்றால் அடியில் வேகத்தைத் திருத்தும் சிறிய திருகு ஒன்று இருக்கும், அதிலேயே முடிந்துவிடும்.

அரூர் வாசகர்: பழைய எல்பி தட்டுகளைக் குழாயடியில் கழுவிக் காயவைத்தேன். மேலே வெள்ளைப் படலம் படிந்து, முன்பைவிட அதிகமாகப் பொரிகிறது.

போர் தண்ணீரில் கழுவியிருப்பீர்கள். நம் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பும் சுண்ணாம்பும் எவ்வளவு என்பதைக் காப்பிப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். ஃப்ளூரைடு தொல்லைக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. முடியின் பருமனுக்குள் அடங்கும் பள்ளத்தில் அது கல்லாக உட்கார்ந்துகொள்கிறது. முள் அதில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொரி.

இனி முள்ளை வைக்காதீர்கள்; கல் பள்ளத்தின் சுவரை அரைத்துவிடும். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 50 மில்லி வெள்ளை வினிகர் கலந்து, நடுவில் உள்ள காகித லேபிளில் படாமல் ஈரப்படுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் வட்டத்தோடு தேயுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசுங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும் தண்ணீர் போதும். பக்கத்திலேயே பேட்டரி ஆசிடும் அதே மாதிரி கேனில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

அடுத்தடுத்த கழுவலுக்கு மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டர், ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், லிட்டருக்கு இரண்டே சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளுக்கு இது ஆகாது. அவை அரக்கில் செய்தவை, ஆல்கஹாலில் கரைந்துவிடும். காயவைப்பது நிழலில், நிற்கவைத்து. மாம்பழ சீசன் வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் வைத்த தட்டு அப்பளம் போல நெளிந்துவிடும். நெளிந்ததை நிமிர்த்தும் முயற்சிகள் பெரும்பாலும் பள்ளத்தையும் கெடுத்துவிடுகின்றன.

ஓசூரிலிருந்து நான்கு நண்பர்கள்: சிப்காட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வாசிக்கிறோம். 'மணி' பாட்டை எடுத்தால் நான்காவது சுற்றுக்குள் டிரம்ஸ் ஒரு பக்கம், பேஸ் ஒரு பக்கம் போய்விடுகிறது. கிதாருக்கு எக்கோ எவ்வளவு வைப்பது என்றும் சொல்லுங்கள்.

அந்தப் பாட்டு ஏழு மாத்திரை. உங்கள் நால்வரில் யாராவது ஒருவர் மனசுக்குள் எட்டு எண்ணுகிறார், அநேகமாக டிரம்ஸ்காரர். சினிமாப் பாட்டில் நான்கும் எட்டுமாகவே வளர்ந்த கை, ஏழாவதுக்குப் பின் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளும். அந்த ஒரு மூச்சுதான் நான்காவது சுற்றில் உங்களைப் பிரிக்கிறது.

மிஸ்ர சாபு தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். 'தகிட தகதிமி', மூன்றும் நான்கும். ரோஜர் வாட்டர்ஸின் பேஸ் வரிசை அந்தப் பிளவில் அப்படியே உட்காரும். பி சுரத்தை ஸட்ஜமாக வைத்தால் முதல் மூன்று மாத்திரையில் ஸட்ஜம், மேல் ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஒரு மாத்திரை, மீண்டும் ஸட்ஜம். அடுத்த நான்கில் கீழ்ப் பஞ்சமம், கீழ் நிஷாதம், ஸட்ஜம், காந்தாரம் என்று படியேறும். காந்தாரத்தில் ஏறி நின்றவுடன் இடைவெளி விடாமல் கீழ் ஸட்ஜத்தில் குதிக்க வேண்டும். வாத்தியத்தைத் தொடாமல், நால்வரும் கை தட்டிக்கொண்டு இருபது சுற்று வாயால் சொல்லுங்கள். பிறகு பேஸ் மட்டும், மெட்ரோனோம் 80இல். அதன்பின் டிரம்ஸ் சேரட்டும். 120க்கு ஏற்றுவது கடைசி வேலை.

இரண்டாவது மாத்திரையில் வரும் இரண்டு சுரங்களும் சம நீளம் கொண்டவை அல்ல. முதலாவது நீண்டு, அடுத்தது குறுகி, லேசாக ஆடிக்கொண்டு வர வேண்டும். சமமாக வாசித்தால் பாட்டு ராணுவ அணிவகுப்பாகிவிடும். இன்னொரு வழுக்குமிடம் நடுப்பகுதி. டிக் பாரியின் சாக்ஸஃபோன் ஏழிலேயே போகும். அது முடிந்து கிதார் சோலோ வந்ததும் தாளம் நான்குக்கு மாறும். சோலோ முடிந்து மறுபடி ஏழு. இந்த இரண்டு திருப்பத்திலும் ஒருவர் தலையசைத்துக் காட்டட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோலோவின் நடுச் சுற்றில் எக்கோவெல்லாம் நின்று, சிறிய அறைக்குள் வாசிப்பது போல வறண்டு ஒலிக்கும். அங்கே பெடலை அணைக்க மறந்தால் மூன்றாவது சுற்றின் விரிவு எடுபடாது.

தொடக்கத்தில் வரும் காசு ஓசை, கிழியும் காகிதம், கல்லாப்பெட்டி எல்லாம் டேப்பை அளந்து வெட்டி ஒட்டி வளையமாக்கியவை. விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் டேப்பில், 120 வேகத்துக்கு ஒரு மாத்திரை 19 சென்டிமீட்டர் துண்டு; ஏழு துண்டு சேர்ந்தால் 133. நீங்கள் ஃபோனிலேயே செய்யலாம். ஏழு ஓசையைப் பதிந்து, ஒவ்வொன்றையும் சரியாக அரை விநாடிக்கு வெட்டி வரிசையாக வையுங்கள். ஓசை தொடங்கும் முன் உள்ள வெற்றிடத்தை நறுக்க மறந்தால் தாளம் தள்ளாடும்.

எக்கோவுக்கு வாய்ப்பாடு எளிது. 60,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு மாத்திரை எத்தனை மில்லிவிநாடி என்று வரும். 'ரன் லைக் ஹெல்' போன்றவற்றுக்கு அதில் முக்கால் பங்கு. அந்தப் பாட்டுக்குச் சுமார் 380 மில்லிவிநாடி; எக்கோவின் ஓசை கிட்டத்தட்ட மூல ஓசை அளவுக்கே இருக்கட்டும். நீண்ட சோலோக்களுக்குக் கால் பங்கு ஓசை போதும். டிஸ்டார்ஷன் பெடல் முன்னால், எக்கோ அதற்குப் பின்னால். மாற்றிச் செருகினால் எல்லாம் குழைந்த சோறாகிவிடும்.

ஒரு சின்னத் தகவல், உங்களுக்குப் பிடிக்கும்: 'எக்கோஸ்' நடுவில் பறவை கத்துவது போல வருவது கில்மரின் கிதார்தான். வா-வா பெடலின் உள்வழியையும் வெளிவழியையும் மாற்றிச் செருகியதில் பிறந்த ஓசை அது. புதிய பெடல்கள் சிலவற்றில் அப்படி வராது.

காவேரிப்பட்டணம் வாசகர்: காரில் பென் டிரைவ் போட்டு 'டார்க் சைட்' கேட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் ஒரு வெட்டு விழுகிறது. பாட்டு வரிசையும் மாறிவிடுகிறது.

எம்பி3 கோப்பு 1152 ஒலி மாதிரிகள் கொண்ட சட்டங்களாக, அதாவது ஃப்ரேம்களாக, சுருக்கப்படுகிறது. பாட்டு சரியாகச் சட்டத்தின் விளிம்பில் முடியாது. மிச்சத்தை மௌனத்தால் நிரப்புவார்கள். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். தனித்தனிப் பாட்டுக்கு அது தெரியாது. இந்த ஆல்பத்தில் ஒரு பாட்டின் வால் அடுத்ததின் தலைக்குள் நுழைகிறதே, அங்கே அந்தச் சிறு மௌனம்கூட அறைகிற மாதிரி கேட்கும். கார் ஸ்டீரியோக்கள் பல, அடுத்த கோப்பைத் திறக்க இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஆல்பத்தை இரண்டே கோப்பாக மாற்றிவிடுங்கள். 'கிரேட் கிக்' முடியும் வரை ஒன்று, 'மணி'யிலிருந்து கடைசி இதயத்துடிப்பு வரை மற்றொன்று. தட்டைத் திருப்பிப் போடும் இடம் அதுதான், அங்கே வெட்டு விழுந்தால் யாருக்கும் உறுத்தாது. சிடியிலிருந்து தரம் குறையாத ஃப்ளாக் வடிவில் எடுத்து, ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் இடைவெளியின்றி அடுக்கி, அதன்பின் ஸ்டீரியோ ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே எம்பி3 ஆனவற்றை ஒட்டினால் மௌனமும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். 320 தரத்தில் முழு ஆல்பமும் சுமார் 100 எம்பி தான்.

வரிசை மாறுவதற்குக் காரணம், பல ஸ்டீரியோக்கள் பெயரைப் பார்க்காமல், பென் டிரைவில் கோப்பு ஏறிய வரிசையில் வாசிப்பது. 01, 02 என்று பெயரிட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக நகலெடுங்கள். ஃபோன் செயலியில் கேட்பவர்கள் கிராஸ்ஃபேடைப் பூஜ்யமாக்கி, கேப்லெஸ்ஸை இயக்கி, ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

தருமபுரி வாசகர்: 'டார்க் சைட்' ஆல்பத்தின் முப்பட்டைக் கண்ணாடி அட்டைப் படத்தில் எத்தனை நிறம்? நண்பனோடு பந்தயம்.

ஆறு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. வானவில்லின் கருநீலம் அதில் இல்லை. ஏழு நிறத்தோடு டி-ஷர்ட் பார்த்தால் அது யாரோ தாமாக வரைந்தது. ஆல்பம் அட்டைகளை வடிவமைத்த ஹிப்னோசிஸ் குழுவுக்காக ஜார்ஜ் ஹார்டி வரைந்த அந்தப் படத்தில், உள்பக்கம் விரித்தால் நிறக்கோடு தொடர்ந்து ஓடி, இதயத்துடிப்பு வரைபடமாகத் துள்ளும். பின்னட்டையில் தலைகீழ்க் கண்ணாடி ஒன்று நிறங்களை மறுபடி ஒளியாக்கும். இரண்டு மூன்று பிரதிகளை விரித்து வரிசையாக வைத்தால் கோடு அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கும்.

ஊத்தங்கரை வாசகர்: 1939ஆம் ஆண்டின் 'விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்றே 'டார்க் சைட்' ஆல்பத்தைச் செய்தார்கள் என்கிறார்களே?

இல்லை. குழுவினரும், ஒலிப்பதிவு செய்த ஆலன் பார்சன்ஸும் மறுத்துவிட்டார்கள். ஆல்பம் 43 நிமிடம், படம் ஒன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. நீண்டு மெதுவாக மாறும் இசையை எந்தப் படத்தின் மேல் வைத்தாலும் சில இடங்களில் பொருந்தத்தான் செய்யும். ஒருமுறை செய்து பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்; ஆனால் அதற்குள் உள்நோக்கம் தேட வேண்டாம்.

பென்னாகரம் வாசகர்: சித்தப்பா தொண்ணூறுகளில் பதிந்த கேசட், ஒரு பக்கம் 'டார்க் சைட்', மறுபக்கம் 'விஷ் யூ வேர் ஹியர்'. இப்போது போட்டால் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக ஒலிக்கிறது. டேப் போய்விட்டதா?

போயிருக்க வாய்ப்புக் குறைவு. சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். 43ம் 44ம் கச்சிதமாக அடங்கியதால் இந்த ஜோடி எத்தனையோ வீடுகளில் ஒரே கேசட்டில் குடியிருக்கிறது.

முதலில் கேசட்டுக்குள் ஹெட் படும் இடத்தில் சிறிய பஞ்சுத் தட்டு இருக்கிறதா பாருங்கள். ஒட்டுப்பசை காய்ந்து விழுந்திருந்தால் மந்தம் வரும். பாழான வேறொரு கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்துங்கள். அடுத்து ஹெட், தண்டு, ரப்பர் உருளை மூன்றையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காது பஞ்சுக் குச்சியால், பழுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானைப் பதியும்போது போடாமல் இப்போது போட்டிருந்தாலும் மேல் ஸ்தாயி மங்கும்.

இவ்வளவும் சரி என்றால் ஹெட்டின் சாய்வுக் கோணம். ஹெட்டின் பக்கத்தில் ஸ்ப்ரிங் கோத்த திருகு ஒன்று உண்டு. இப்போதுள்ள நிலையை நகப்பூச்சால் குறித்துவிட்டு, 'டைம்' பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் ஒன்றாக அடிக்கும் இடத்தை ஓடவிட்டு, மிக மெதுவாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்குள் ஒரு புள்ளியில் மணிகள் பளிச்சென்று திறந்துகொள்ளும். அதற்கு மேல் போனால் மறுபடி மங்கும். கேசட் பதியப்பட்ட இயந்திரத்தின் கோணத்துக்கு உங்கள் இயந்திரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதே சூட்டோடு கணினிக்கு மாற்றிவிடுங்கள். உச்ச ஓசை மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். முடிந்ததும் திருகைக் குறித்த இடத்துக்கே கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் மற்ற கேசட்டுகள் மங்கும்.

தேன்கனிக்கோட்டை வாசகர் வட்டத்திலிருந்து: ஒரு அரங்கில் இருபது பேர் உட்கார்ந்து ஒரு முழு ஆல்பம் கேட்க ஏற்பாடு செய்கிறோம். கட்டணம் இல்லை. அனுமதி வேண்டுமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

இலாப நோக்கமில்லாத மன்றம் தன் நடவடிக்கையின் பகுதியாக ஒலிப்பதிவைக் கேட்கச் செய்வதற்கு, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டாலோ ஓட்டலில் நடத்தினாலோ உரிமம் வாங்க வேண்டியிருக்கும். ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 வரை. ஏழரைக்குத் தொடங்கினால் நிதானமாக முடித்துவிடலாம்.

பெரிய எதிரி தரை. நம் பக்கத்து அரங்குகளில் கிரானைட் தரை, வெற்றுச் சுவர். ஓசை துள்ளித் துள்ளித் திரும்பி வரும். தரை முழுக்க ஜமக்காளம் விரியுங்கள். எதிர்ச்சுவரில் கனமான போர்வை இரண்டு தொங்கட்டும். ஸ்பீக்கர்களைத் தரையில் வைக்காமல், உட்கார்ந்தவர் காது உயரத்துக்குத் தூக்கி, பின்சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, இரண்டுக்கும் நடுவே எட்டடி விடுங்கள். நாற்காலிகளை அகலமாகப் பரப்பாமல் நடுவில் நீளவாக்கில் அடுக்குங்கள். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அறையைச் சுற்றி ஓடும் காலடிச் சத்தமெல்லாம் ஒரே பக்கத்தில்தான் கேட்கும்.

கரண்ட் போனால் அந்த மாலையே போய்விடும். சிறிய ஆம்ப்ளிஃபயருக்கும் டர்ன்டேபிளுக்கும் வீட்டு இன்வெர்ட்டரே தாராளம். சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஸ்பீக்கரில் ரீங்கரிக்கும். டர்ன்டேபிளை ஸ்பீக்கர் இருக்கும் அதே மேஜையில் வைக்காதீர்கள், பேஸ் அதிர்வு முள்ளுக்கு ஏறிக் குமுறும். தட்டைத் திருப்பும் அந்த ஒரு நிமிடத்தில் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இல்லத்தரசி, கிருஷ்ணகிரி: எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக இதே குழுவைத்தான் கேட்கிறார். அவர்களுக்குள் சண்டை, பிரிவு, இரண்டு பேர் இறந்தும் போய்விட்டார்கள் என்கிறார். பிறகும் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் 'ஷைன் ஆன்' பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். நீங்களாவது சொல்லுங்கள்.

அவர் போட்டது சரியான பாட்டு அம்மா. குழுவுக்குப் பெயர் வைத்து, ஆரம்பப் பாட்டுகளை எழுதி, முன்னால் நின்று பாடியவர் சிட் பாரெட். மனநலம் குலைந்து, 1968இல் குழுவை விட்டு விலகினார். ஏழு ஆண்டு கழித்து அவரை நினைத்து எழுதியதுதான் அந்தப் பாட்டு. 1975 ஜூன் 5 அன்று லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் அதற்கு மெருகேற்றிக்கொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். கொஞ்ச நேரம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வந்தவர் பாரெட்தான். தெரிந்தபோது வாட்டர்ஸ் அழுதுவிட்டார். அதற்குப் பின் குழு அவரோடு சேரவே இல்லை. 2006இல் பாரெட் காலமானார். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் 2008இல்.

சண்டையும் உண்மை. வாட்டர்ஸ் எண்பதுகளின் நடுவில் வெளியேறி, பெயருக்காக வழக்கு வரை போனார். வாட்டர்ஸ், கில்மர், ரைட், நிக் மேசன் நால்வரும் 1981க்குப் பிறகு ஒரே மேடையில் நின்றது 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், லைவ் 8 நிகழ்ச்சியில். 24 ஆண்டு இடைவெளி. அன்று 'விஷ் யூ வேர் ஹியர்' தொடங்கும்போது, இங்கே இல்லாத எல்லோருக்காகவும், குறிப்பாக சிட்டுக்காகவும் என்று வாட்டர்ஸ் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் வயதுக்காரர்கள் பலர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள்.

'டார்க் சைட்' 1973க்கும் 1988க்கும் இடையில் அமெரிக்க ஆல்பப் பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்தது. அந்தக் கணக்கு உங்கள் கேள்விக்குப் பதிலாகாது என்று தெரியும். அடுத்த முறை அவர் கண்ணை மூடும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். முதல் நான்கு நிமிடம் கீபோர்டும் கிதாரும் அலைந்துகொண்டிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு சுரம் தனியாக விழும்போது, இல்லாத ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எட்டரை நிமிடம் தாண்டிக் குரல் வரும். அதுவரை அவரிடம் எதுவும் பேச வேண்டாம்.